கால்புள்ளி

ரீகாவில் பிப்ரவரி.
ஐந்து மணிக்குள் ஜன்னல் கறுத்துக் கண்ணாடியாகிவிடுகிறது.
அதில் என் முகம், என் திரை,
திரை நிறைய ஒரே ஓர் எழுத்து: கே.
அதன் காலடியில் ஒரு கால்புள்ளி.

அந்தப் புள்ளி இருந்தால்தான்
நாக்கு மேலண்ணத்தில் வழுக்கி
ககரத்துக்கும் சகரத்துக்கும் நடுவே
ஈரமான ஓரிடத்தில் நிற்கும்.
எடுத்துவிட்டால்
க்யுஸிஸ், குஸிஸ் ஆகிவிடுவார்.
குஸிஸ் என்று எனக்கு யாரையும் தெரியாது.

க்யுஸிஸ் விற்பது
புகைபோட்ட ஸ்ப்ராட் மீன், எண்ணெயில், நூற்று அறுபது கிராம்.
லோகோ எளிமையாக இருக்கட்டும் என்றார்,
ஆனால் எல்லாம் இருக்கட்டும்:
கடல், புகை, தரம், நம்பிக்கை,
முடிந்தால் ஒரு கிரீடம்.

பதினேழு முறை வரைந்தேன்.
ஐந்தாவதில் மீன் சிரித்தது.
ஒன்பதாவதில் அவர் மருமகன்
மீனே வேண்டாம் என்றான்.
பன்னிரண்டில்
நீலம் இன்னும் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும் என்றார்கள்.
நேர்மையான நீலத்தைத் தேடி
ஒரு வியாழக்கிழமை முழுக்கப் போயிற்று.

பதினேழில் எதுவும் இல்லை.
எழுத்து. கீழே புள்ளி,
சற்றே கொழுத்து, வால் இடப்பக்கம் வளைந்து.
அந்த வாலுக்கு மட்டும் மூன்று இரவு.

ஹாம்பர்க்கின் கொள்முதல்காரர் எழுதினார்:
மிக அழகு.
அடியில் மட்டும் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது,
துடைத்துவிட முடியுமா?

க்யுஸிஸ் போனில் இருமினார்.
எடுத்துவிடு விஸ்மா, என்றார்.
நாற்பதாயிரம் டப்பா.
பிறகு எதுவோ சொல்ல வந்து
மீண்டும் இருமினார்.

அழிக்கவில்லை, சரியாகச் சொன்னால்.
பக்கத்துக்கு வெளியே,
அச்சில் வராத சாம்பல் பரப்புக்கு
இழுத்து வைத்தேன்.

அதே வாரம் ஒரு புத்தக அட்டை.
தாலிவால்டிஸ், துறைமுக வழிகாட்டி மாலுமி,
முப்பத்தொரு வருடம்
அந்நியக் கப்பல்களை ஆற்றுக்குள் கூட்டிவந்தவர்.
கலங்கரை விளக்கம் வை, விற்கும், என்றாள் சனிதா.
இவள் பதிப்பகத்துக்கு இதுவரை நான் போட்டது
பதினொரு கலங்கரை விளக்கம்.
அத்தனையும் ஒரே கரையில் நட்டால்
கப்பல்களுக்குக் கண் கூசும்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்:
எங்கள் படகு சின்னது.
கப்பலின் மேல்தளத்திலிருந்து குனிந்து பார்த்தால்
தண்ணீரில் அச்சுப்பிழை மாதிரி கிடக்கும்.

கை தானாகச் சாம்பல் பரப்புக்குப் போனது.

அட்டை முழுக்க மார்ச் மாதக் கடலின் நிறம்.
மேலே தலைப்பு, மெலிந்த எழுத்தில்.
கீழே, கிட்டத்தட்ட விளிம்பில்,
அது.

மாதிரியைப் பார்க்க வந்த தாலிவால்டிஸ்
கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.
இடப்பக்கம் சாய்கிறதே, என்றார்.
எங்களுடையதும் சாயும்,
எண்ணெய்த் தொட்டி அந்தப் பக்கம்.
யார் சொன்னார்கள் உனக்கு?

யாரும் சொல்லவில்லை என்றேன்.
ஸ்ப்ராட் மீன் என்று சொல்லியிருக்கலாம்.

சனிதா கேட்டது ஒன்றுதான்: விளக்கம் எங்கே?
பின்னட்டையில், பார்கோடுக்கு மேலே
பொடியாக ஒன்று நட்டுக் கொடுத்தேன்.
எனக்கும் வாடகை உண்டு.

ஏப்ரலில் கடை அலமாரியில் பார்த்தேன்,
டப்பா மேல் டப்பா,
ஒவ்வொன்றிலும் வெறுங்காலோடு நிற்கும் கே.
நீலம், ஒப்புக்கொள்கிறேன், நேர்மையாகவே இருந்தது.
ஒன்று வாங்கினேன். இரண்டு யூரோ முப்பது.

டிராமில் அதைத் தொடைமேல் வைத்து
பையிலிருந்த மார்க்கரைத் திறந்தேன்.
பாலத்தின் ஏற்றத்தில் வண்டி குலுங்க
வால் வலப்பக்கம் போய்விட்டது.
ஊதிக் காயவைத்தேன்.

எதிர் இருக்கைக்காரி
மடியில் வெங்காயத்தாளோடு
என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்,
சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

சரியாகத்தான் படித்தாள்.